பின்னட்டையில் ஒரு குழி

பழைய புத்தகம் விற்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நான் வேலையை விட்ட பிறகும் யாரும் என்னை அதிலிருந்து நீக்கவில்லை. போன வாரம் ஒருவர் ஆங்கிலப் புத்தகம் ஒன்றின் பின்னட்டையைப் படம் எடுத்துப் போட்டு, "ஒரிஜினலா, கிளப்பா? சீக்கிரம் சொல்லுங்க, பார்ட்டி வெயிட்டிங்" என்று கேட்டிருந்தார். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் ஏழு பேர் பதில் போட்டுவிட்டார்கள். நாலு பேர் கிளப், மூன்று பேர் ஒரிஜினல். புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்தவர் அதில் ஒருவரும் இல்லை. அந்த 'பார்ட்டி' யார், எதற்காகக் கேட்கிறார் என்றும் யாரும் விசாரிக்கவில்லை. பதில் எழுத ஆரம்பித்து அழித்தேன். மறுபடி எழுதி மறுபடி அழித்தேன். சொல்ல வேண்டியது அந்தப் பெட்டிக்குள் அடங்கவில்லை. அதனால் தனியாக எழுதுகிறேன்.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில், முக்கியமாக அமெரிக்காவில், புத்தகக் கிளப்புகள் உண்டு. சந்தா கட்டினால் மாதாமாதம் புத்தகம் வீட்டுக்கு வரும். பதிப்பகம் கடைகளுக்குப் போடும் அதே புத்தகத்தைக் கிளப்பும் தன் உறுப்பினர்களுக்காகத் தனியாக அச்சடிக்கும். எழுத்தும் படமும் அதேதான். தாள் மட்டும் மெலிசு, கட்டு இளப்பம். தமிழிலும் இந்த மாதிரித் திட்டங்கள் இருந்தன. அவற்றைக் கண்டுபிடிப்பது சுலபம், தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று ஒரு வரி இருக்கும். ஆங்கிலத்தில் பல புத்தகங்களில் அந்த வரி இருக்காது. கையால்தான் தேட வேண்டும். படிக்க வாங்குகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். சேர்த்து வைக்கிறவருக்கு அப்படி இல்லை.

நான் கருங்குழிக்காரன். எட்டாம் வகுப்பை முடிக்கவில்லை. ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாத உடம்பு எனக்கு. செங்கல் சூளை, ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி கிளீனர், பெங்களூரில் ஓட்டல், வயரிங் வேலைக்குக் கையாள் என்று இருபது வருடம் போனது. சாப்பாடு கிடைத்த ஊரில் இருந்தேன், கிடைக்காதபோது அடுத்த ஊருக்குப் போனேன். கடைசியில் செங்கல்பட்டில் ஒரு பழைய பேப்பர் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே புத்தகம் எடுக்க வந்தவர்தான் தேவராஜ் அண்ணாத்த. மாமல்லபுரத்தில், லாட்ஜுகள் இருக்கும் கடற்கரைச் சந்தில் அவருக்குக் கடை. வெள்ளைக்காரர்கள் படித்து முடித்ததைக் கொடுத்துவிட்டு வேறு எடுத்துப் போவார்கள். இன்னொரு பக்கம் கல்பாக்கம் டவுன்ஷிப். அங்கே யாராவது ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்தால் அண்ணாத்தவுக்குத்தான் போன் வரும். கடையின் நல்ல சரக்கெல்லாம் அங்கிருந்து வந்ததுதான்.

"ஏபிசிடி தெரியுமாடா?" என்று கேட்டார்.

"எழுத்து தெரியும். படிச்சா அர்த்தம் தெரியாது."

"அதான் நல்லது. படிக்கத் தெரிஞ்சவனுங்க வேலைய வுட்டுட்டு படிச்சிகினு ஒக்காந்துடுறானுங்க. வா."

அவரிடம் பதினோரு வருடம் இருந்தேன். அதற்கு முன் ஓர் இடத்தில் இரண்டு வருடம் தாண்டியதில்லை.

அண்ணாத்தவுக்குக் கனத்த உடம்பு, மெதுவான பேச்சு. புத்தகத்தை வாங்கியதும் அவர் திறக்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். எதிரே நிற்பவருக்கு வியர்த்துவிடும். அதன் பிறகு மூன்று இடம் பார்ப்பார். முதலில் மேலுறை. அதை நாங்கள் சட்டை என்போம். சட்டையின் முன்மடிப்பில், மூலையில், பதிப்பகம் விலை அச்சடித்திருக்கும். கிளப் சட்டையில் அது இருக்காது. அந்த மூலையையே யாராவது கத்தரித்திருந்தால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இரண்டாவது, சட்டையைத் தூக்கிவிட்டுப் பின்னட்டையின் கீழ்மூலையைத் தடவ வேண்டும், முதுகை ஒட்டினாற்போல். கிளப் புத்தகம் என்றால் அங்கே மிளகு அளவுக்கு ஒரு பள்ளம் அழுத்தியிருப்பார்கள். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, கட்டைவிரலுக்குத் தெரியும். மூன்றாவது உடம்பு. எடை, தாள், அளவு. கிளப் புத்தகம் பெரும்பாலும் ஒரு நகக்கண் அளவு சிறிசாக இருக்கும்.

அந்தப் பள்ளத்தை வைத்துக் கிளப் புத்தகத்தை நாங்கள் 'குழி' என்போம். பள்ளம் இல்லாத ஒரிஜினல் 'மட்டம்'. புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள், உசத்தியான புத்தகத்தை இவன் மட்டம் என்கிறானே என்று. என் ஊர்ப்பெயர் அண்ணாத்தவுக்கு நல்ல வசதி. "இன்னாடா, கருங்குழியிலேந்து வந்துகினு குழி தெரிலன்ற?" என்பார். ஒரு மாதத்தில் எனக்குக் குழி தெரிந்துவிட்டது. ஆறு மாதத்தில் அவரைவிட வேகமாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"மூணு எடமும் பாத்தியா?"

"ஒண்ணு பாத்தாலே தெரியுதே அண்ணாத்த."

"தெரியட்டும். மூணும் பாத்துட்டு வாயத் தொற."

ஓர் ஐப்பசி மழையில் கடையின் ஷீட் கூரை ஒழுகி இரண்டு அலமாரி நனைந்துபோனது. நனைந்த புத்தகத்துக்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. சட்டையைக் கழற்றிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவோம். புத்தகத்தை விசிறி போல விரித்து மின்விசிறிக்குக் கீழே நிறுத்துவோம். சட்டைக்கும் உடம்புக்கும் ஒரே நம்பர் போட்ட சீட்டு வைக்க வேண்டும் என்பது அண்ணாத்தவின் சட்டம். நான் சீட்டு வைக்கவில்லை. நூற்றுக்கு மேல் புத்தகம், சொட்டிக்கொண்டிருந்தது. சட்டையிலும் முதுகிலும் எழுத்து இருக்கிறது, இரண்டையும் ஒப்பிட்டு மாட்டினால் போயிற்று என்று நினைத்தேன்.

காய்ந்ததும் மாட்டினேன். ஒரு கடற்பயணப் புத்தகத்துக்குச் சட்டை கொஞ்சம் அகலமாக இருந்தது, ஓரம் தொளதொளவென்று நின்றது. நனைந்த தாள் இளகிவிட்டது என்று நினைத்தேன். அந்தக் கடலோர ஈரத்தில் தாள் அப்படி இளகுவது வழக்கம்தான். கரண்டிக் காம்பால் மடிப்பைப் புதிதாக அழுத்திச் சரிசெய்து, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு, உறையின் முனைகளை அட்டையின் உட்புறத்தில் டேப்பால் ஒட்டினேன். வயரிங் வேலையிலிருந்து வந்த பழக்கம், எனக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப்தான் கைக்கு வரும். வேறு எந்தக் கடையிலும் அப்படி ஒட்டமாட்டார்கள். அப்படி ஒட்டிய பிறகு, டேப்பை அறுக்காமல் சட்டையைக் கழற்ற முடியாது.

அதற்கு நான்கைந்து வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை, கல்பாக்கத்திலிருந்து வெங்கடேசன் சார் போன் செய்தார். டவுன்ஷிப்பில் குடியிருந்த அதிகாரி, கடைக்கு எப்போதாவது வருகிறவர். ஒரு புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றார். அண்ணாத்தவுக்கு முழங்கால் வலி. என்னை அனுப்பினார்.

குவார்ட்டர்ஸ் கூடத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெங்கடேசன் சார் திருச்சிப் பக்கத்து ஆள், ஒல்லியாக, விறைப்பாக இருந்தார். எதிரே ஆறுமுகம் சார், திருநெல்வேலி. இருவரும் ஒரே பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர்கள், ஸ்டாஃப் பஸ்ஸில் ஒரே சீட்டில் போய் வந்தவர்கள் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. கூப்பிட்ட காரணத்தையும் யாரும் சொல்லவில்லை. வெங்கடேசன் சார் ஒரு புத்தகத்தை நீட்டினார்.

"இது ஒரிஜினலா, கிளப்பா? பாத்துச் சொல்லுங்க."

புத்தகத்தைத் திருப்பினேன். பிளாஸ்டிக் உறைக்கும் அட்டைக்கும் நடுவே கீழிருந்து கட்டைவிரலை விட்டேன். மிளகு அளவு. அந்த விரல் என்னை ஏமாற்றியதே இல்லை.

"குழி கீது சார். கிளப்பு."

மூன்று இடம் பார்க்கவில்லை. ஓர் இடம்தான் பார்த்தேன்.

உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

"கேட்டியா ஆறுமுகம்?" என்றார் வெங்கடேசன் சார். பிறகு என்னிடம், "உங்க கடையிலதான் வாங்கினேன். தேவராஜ் கையில வெச்சுப் பாத்து, ஒரிஜினல்னு சொல்லிக் கொடுத்தார். அவர் சொன்னா தப்பாது. வாங்கினதுலேர்ந்து ஒருத்தருக்குத்தான் இரவல் கொடுத்தேன். இவனுக்கு. மூணு மாசம் வெச்சிருந்தான். போன வாரம் என் பையன் அமெரிக்காவுலேர்ந்து வீடியோ கால்ல இந்தப் பள்ளத்தைப் பத்திச் சொன்னான். தடவிப் பாத்தா இருக்கு. உள்ள இருந்த புத்தகத்தை எடுத்துக்கிட்டு, என் புத்தகத்தோட மேலுறைக்குள்ள வேற புத்தகத்தை வெச்சிருக்கான்" என்றார்.

"ஏ வே, நான் எதுக்குவே மாத்தப் போறேன்?" என்றார் ஆறுமுகம் சார். கேலி செய்கிறவர் குரலில்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் இல்லை.

நான் அப்போதுதான் அட்டையைத் திறந்தேன். உள்ளே கறுப்பு டேப் இருந்தது.

நான்கு முனையிலும் அது அப்படியே இருந்தது. வருடக்கணக்கில் பசை கசிந்து, டேப்பின் ஓரத்தில் தாள் மஞ்சளாகப் பிடித்திருந்தது. யாரும் அறுக்கவில்லை, பிரித்து மறுபடி ஒட்டவும் இல்லை. சட்டையின் மடிப்பில் இரண்டு கோடுகள் தெரிந்தன. ஒன்று அச்சகத்தில் மடித்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, கரண்டிக் காம்பின் பளபளப்போடு. எங்கள் கடையை விட்டுப் போன நாளிலிருந்து இந்தச் சட்டை இந்த உடம்பிலேயேதான் இருந்திருக்கிறது. ஒரே தலைப்பில் மட்டம் ஒரு பிரதியும் குழி ஒரு பிரதியும் அந்த மழையன்று ஈரத்தில் கிடந்திருக்கின்றன. மட்டத்தின் சட்டையைக் குழிக்கு மாட்டியவன் நான். அண்ணாத்த விற்கும்போது சட்டை மடிப்பில் இருந்த விலையைப் பார்த்திருப்பார், என் வேலையை நம்பி மற்றதை விட்டிருப்பார். குழிச்சட்டை போட்ட மட்டம் எந்த வெள்ளைக்காரர் பையில் எந்த ஊருக்குப் போனதோ.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சார் வீட்டம்மா கொடுத்த காபியைக் குடித்தேன், "வரேன் சார்" என்றேன், பஸ் ஏறிவிட்டேன்.

நான் பசி பார்த்தவன், ரயில்வே பிளாட்பாரத்தில் படுத்தவன், ஓட்டலில் எண்ணெய் கொட்டித் தோல் உரிந்தவன். அதையெல்லாம் பெரிதாக நினைத்ததில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் போன் அடித்தால் திடுக்கிடுவேன். புத்தகத்தைக் கையில் எடுத்தால் விரல் எதையும் சொல்லவில்லை. குழியும் மட்டமும் ஒன்றுபோல இருந்தன. ஒரே புத்தகத்தை ஐந்து தரம் தடவிப் பார்த்தேன். அண்ணாத்த கவனித்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா பேஜாரு உனுக்கு?"

"அண்ணாத்த, அந்தக் கல்பாக்கம் புக்கு."

"கிளப்புன்னு சொல்ட்டு வந்தன்னு சொன்னியே."

"அது நம்ம வித்த புக்கேதான். மாறல. மழையில நனைஞ்சப்ப நான்தான் சட்டைய மாத்தி மாட்டிட்டேன். சீட்டு வெக்கல."

அவர் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. மேசைமேல் இருந்த புத்தகத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்து, வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டார்.

"எத்தினி பேருக்குத் தெரியும்?"

"உனுக்கும் எனுக்கும்."

"அப்ப அப்டியே இருக்கட்டும்."

"அந்த சார திருடன்னு சொல்லிகினு கீறாங்க அண்ணாத்த."

"படிச்சவங்க. நாலு நாளு மூஞ்சத் தூக்கி வெச்சிகினு இருப்பாங்க, அப்பால சேந்துக்குவாங்க. நம்ம பேரு போனா சேராது. டவுன்ஷிப்ல எவன் வூட்ட காலி பண்ணாலும் நம்மள ஏன் கூப்புடுறான்? கை வெச்சா தப்பாதுன்னு. அது ஒண்ணுதான் இந்தக் கடை. நீ பாக்குற அலமாரியெல்லாம் கடை இல்ல."

அவர் சொன்னது பொய்யில்லை. முப்பது வருடமாக அந்தப் பெயரை ஒவ்வொரு புத்தகமாகச் சேர்த்திருந்தார். நான் ஒரு சோம்பலில் அதில் ஓட்டை போட்டிருந்தேன். இப்போது அதை நானே போய் ஊருக்குக் காட்ட வேண்டும்.

"நான் போய் சொல்ட்டு வந்துர்றேன்."

"போ. சாவிய மேசை மேல வெச்சிட்டுப் போ."

சாவியை வைத்தேன். வேலையை விட்டுப் போவது எனக்குப் புதிது இல்லை, ஆனால் திரும்பிப் பார்த்தது அந்த ஒரு தரம்தான். அண்ணாத்த கண்ணைத் திறக்கவில்லை.

வெங்கடேசன் சார் என்னைப் பார்த்ததும் சிரித்தார். எனக்குப் பயம் கூடிற்று.

"உக்காருங்க. அந்த விஷயம் முடிஞ்சுபோச்சு. மறுநாள் காலையிலேயே ஆறுமுகம் வந்தான். வீட்டுல லீவுக்கு வந்த பசங்க வேற புத்தகத்தோட மாத்தி வெச்சிருப்பாங்க, மன்னிச்சிருன்னு ஒத்துக்கிட்டான். நானும் சரி விடுன்னுட்டேன்."

நடக்காத ஒன்றை அந்த மனிதர் நடந்ததாக ஒத்துக்கொண்டிருக்கிறார். இப்போது நான் வாயை மூடிக்கொண்டு எழுந்து போனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. கடைக்குப் போய்ச் சாவியைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். என் கால் வாசல் பக்கம் திரும்பியதை நான் உணர்ந்தேன்.

"சார், அந்தப் புக்கக் கொஞ்சம் எடுத்தாங்க," என்றேன்.

டேப்பைக் காட்டினேன். இரண்டு மடிப்பையும் காட்டினேன். மழையையும் கொடியையும், வைக்காத சீட்டையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. உள்ளே போய் பிளேடு எடுத்துவந்து ஒரு முனையில் டேப்பைத் தானே உரித்தார். அதோடு சேர்ந்து தாளும் கிழிந்து வந்தது. கிழிந்த இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது. மற்ற மூன்று முனையிலும் கிழிசலே இல்லை. அவர் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இத யாரும் பிரிக்கல."

"இல்ல சார்."

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"பயம் சார்."

"அவன் ஏன் ஒத்துக்கிட்டான்?"

அவர் செருப்பு மாட்டிக்கொண்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு நடந்தார். என்னையும் வரச்சொன்னார். இரண்டு தெரு தாண்டி ஆறுமுகம் சாரின் குவார்ட்டர்ஸ்.

ஆறுமுகம் சார் கதவைத் திறந்து, எங்கள் இருவரையும் பார்த்து, புத்தகத்தையும் பார்த்தார்.

"இன்னும் என்னவே பாக்கி இருக்கு?"

நானே சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க. இத நீங்க வந்து சொல்லணுமாக்கும்? நான் மாத்தலன்னு எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏண்டா மன்னிப்புக் கேட்டே?" என்றார் வெங்கடேசன் சார்.

"வேற என்ன செய்யச் சொல்லுதீரு? இல்ல இல்லன்னு நான் சொல்லச் சொல்ல, சண்டை நீளும். நீண்டா பேச்சு நின்னுபோவும். பிள்ளைய ரெண்டும் வெளியூரு. இந்த ஊர்ல ஒம்ம விட்டா எனக்குப் பேச யாரு கெடக்கா? திருடன்னு நெனச்சாலும் பரவால்ல, பேசட்டும்னுதான் கேட்டேன்."

வெங்கடேசன் சார் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கிழிந்த முனையை விரலால் நீவிக்கொண்டிருந்தார். ஆறுமுகம் சார் என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள நினைக்கிறவர் போலக் கேட்டார்.

"அன்னைக்கு நீங்க குழின்னு சொன்னியளே, அப்ப எம் மூஞ்சியப் பாத்தியளா?"

"இல்ல சார். அட்டையத்தான் பாத்துகினு இருந்தேன்."

"நான் பாத்தேன்," என்றார் வெங்கடேசன் சார். தலையைத் தூக்கவில்லை. "உன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். பாத்தும், குழியத்தான் நம்பினேன்."

ஆறுமுகம் சார் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார். முதல் தடவையாக, அதன் பின்னட்டையில் கட்டைவிரலை வைத்துத் தேடினார். பழகாத அந்த விரலுக்குக் குழி கிடைக்கவில்லை.